தத்தெடுப்புத் துறையில் ஒரு வாழ்க்கை: நாம் எழுதும் ஃபைலைப் படிக்கப் போவது யார்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சமூகப் பணியில் முதுகலை முடிக்கப் போகிறீர்கள். தத்தெடுப்புக்காகவே வாழ்நாள் முழுக்க உழைத்த ஒரு சமூகப் பணியாளரைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். “குழந்தை இல்லாதவர்களுக்குக் குழந்தை கிடைக்கிறது, அநாதைக் குழந்தைக்கு வீடு கிடைக்கிறது. இதைவிட மனநிறைவான வேலை உண்டா? அந்த வாழ்க்கை நிஜத்தில் எப்படி இருக்கும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கு இரண்டு கேள்விகள் தெரிகின்றன. அன்றாடம் என்ன வேலை என்பது ஒன்று. நேராகக் கேட்காமல் கேட்டது இன்னொன்று: இது சந்தோஷமான வேலைதானா, என்னால் தாங்க முடியுமா? இருபது வருடத்துக்கு மேல் இதே வேலையில் இருந்திருக்கிறேன். இரண்டுக்கும் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

குழந்தையைப் புதிய பெற்றோர் கையில் கொடுக்கிற அந்த நாளைத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நாள் உண்மையிலேயே நல்ல நாள்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரே ஒரு பிற்பகல். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் வீட்டுக்கு வீடு போவதும், பேசுவதும், எழுதுவதும், மருத்துவ அறிக்கைக்கும் நீதிமன்றத் தேதிக்கும் காத்திருப்பதும் இருக்கும். அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். “ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து அழுகிறான், என்ன செய்வது?” என்று ஒரு அழைப்பு. “பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள், என்ன சொல்லி அனுப்புவது?” என்று இன்னொன்று. கணக்குப் பார்த்தால் என் வேலை நேரத்தில் பாதிக்கு மேல் எழுதுவதிலேயே போயிருக்கும். அது வீணான வேலை இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன், இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல வருவதே அதுதான்.

உங்கள் கேள்வியில் ஒரு இடத்தைத் திருத்த வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தை இல்லாதவர்களுக்குக் குழந்தை தேடித் தருவது இல்லை இந்த வேலை. குழந்தைக்குக் குடும்பம் தேடுவது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒரு உதாரணம் சொல்கிறேன். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஏழு வயது, நான்கு வயது. நல்ல தம்பதி ஒருவர் வந்து “சின்னவன் மட்டும் போதும்” என்கிறார்கள். பெரியவனுக்கு வீடு கிடைப்பது கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். சின்னவனுக்காவது நல்ல இடம் கிடைக்கிறதே என்று மனம் சொல்லும். ஆனால் இதுவரை அந்தச் சின்னவனுக்குச் சோறு ஊட்டியவன், இருட்டில் கையைப் பிடித்துக்கொண்டவன் அந்தப் பெரியவன்தான். தம்பதிக்காக வேலை பார்ப்பவர் சரி என்பார். குழந்தைக்காக வேலை பார்ப்பவர் முடியாது என்று சொல்லிவிட்டு, இருவரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் வீட்டுக்காகக் காத்திருப்பார், தேடிக்கொண்டே இருப்பார். 1989-ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையிலும் இந்த வித்தியாசம் இருக்கிறது. பொதுவாகக் குழந்தை சம்பந்தமான எந்த முடிவிலும் குழந்தையின் நலன் முதன்மையாகக் கருத வேண்டியவற்றில் ஒன்று என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. தத்தெடுப்பைப் பற்றிய 21-ஆம் பிரிவு மட்டும், குழந்தையின் நலன் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே என்கிறது. ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. எங்கள் வேலை முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

தத்தெடுக்க வருபவர்களின் வீட்டுக்குப் போய்ச் செய்யும் ஆய்வை ஹோம் ஸ்டடி என்போம். சம்பளச் சான்றிதழும் அறை எத்தனை என்பதும் அதில் சின்னப் பகுதி. வருகிறவர்கள் பரீட்சைக்கு வருவது மாதிரி வருவார்கள். வீடு பளிச்சென்று இருக்கும், சிரிப்பும் தயாராக இருக்கும். ஒரு வீட்டில் எல்லாக் கேள்விக்கும் கணவரே பதில் சொன்னார், நல்ல பதில்கள்தான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து புடவை ஓரத்தில் இருந்த ஒரு நூலை இழுத்துக்கொண்டே இருந்தார். அன்று நான் எழுதிக்கொண்டதில் முக்கியமானது அந்த நூல்தான். அடுத்த முறை அவரிடம் தனியாகப் பேசினேன். கருவிலேயே போய்விட்ட ஒரு குழந்தைக்கு மனதுக்குள் பெயர் வைத்திருந்தார், அதே பெயரை வரப்போகிற குழந்தைக்கு வைக்க வீட்டில் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். அவருக்கு அதில் சம்மதமில்லை. அந்தக் குடும்பத்துக்குக் குழந்தை தரக் கூடாது என்று நான் எழுதவில்லை. போன குழந்தைக்காக அழுது முடிக்கக் கொஞ்ச நாள் கொடுங்கள் என்று சொன்னேன். ஒன்றரை வருடம் கழித்து அவர்கள் வீட்டுக்கு ஒரு பெண் குழந்தை போனாள், வேறு பெயரோடு. ஒரு குழந்தையின் இடத்தை நிரப்ப இன்னொரு குழந்தையை அனுப்பினால், வந்த குழந்தை ஆயுசு முழுக்க வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு திரிய வேண்டியிருக்கும்.

அடுத்தது பெற்ற தாய். இந்த வேலையில் மிகக் கனமான பகுதி இதுதான், வெளியே மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். “கைவிட்டவள்” என்ற சொல்லை இன்றே விட்டுவிடுங்கள். நான் பார்த்தவர்களில் குழந்தை வேண்டாம் என்று லேசாக எழுந்து போனவர் ஒருவர்கூட இல்லை. போக்கிடம் இல்லாதவர்கள், பயந்தவர்கள், பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லாதவர்கள், இவர்களைத்தான் பார்த்தேன். ஒருவர் தன் குழந்தையைக் கொடுக்க வருகிறார் என்றால் சமூகப் பணியாளர் முதலில் கேட்க வேண்டியது, “என்ன இருந்தால் நீங்களே வளர்ப்பீர்கள்?” என்பதுதான். அப்படிக் கேட்டபோது ஒரு பெண் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அவருக்குத் தேவைப்பட்டது மூன்று மாதம் தங்க ஓர் இடமும், அவருடைய அக்காவிடம் பேச ஓர் ஆளும்தான். அந்தக் குழந்தை இன்று அம்மாவிடம் வளர்கிறது. தத்தெடுப்புக் கணக்கில் அது எங்கும் சேராது. என் கணக்கில் அதை முதலில் வைத்திருக்கிறேன். நாடுகளுக்கு இடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, குழந்தை பிறந்த பிறகு தரும் சம்மதம்தான் தாயின் சம்மதம் என்றும், காசு கொடுத்தோ வேறு ஆதாயம் காட்டியோ அதை வாங்கியிருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பிறக்கும் முன்பே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வதை நல்ல பணியாளர்கள் உலகத்தில் எங்கும் ஏற்கமாட்டார்கள். வயிற்றில் இருக்கும்போது எடுத்த முடிவு, கையில் வாங்கிப் பார்த்த பிறகும் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

தத்தெடுப்புக்காகவே வாழ்ந்தவர் என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒருவரை வணங்கிவிட முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரில் ஜார்ஜியா டான் என்று ஒருவர் இருந்தார். 1920-களிலிருந்து 1950 வரை ஒரு குழந்தைகள் இல்லத்தை நடத்தினார். அந்தக் காலத்தில் தத்தெடுப்பு விஷயத்தில் பெரிய நிபுணர் என்று பெயர் வாங்கியவர், பத்திரிகைகள் புகழ்ந்தன, பிரபலங்கள் அவரிடமிருந்து குழந்தைகளைப் பெற்றுக்கொண்டார்கள். ஏழைக் குடும்பங்களிலிருந்து ஏமாற்றியும் பறித்தும் எடுத்த குழந்தைகளை அவர் பணக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார் என்பது 1950-ல் வெளியே வந்தது. அதே சமயத்தில் அவர் புற்றுநோயில் இறந்துபோனார், வழக்கைச் சந்திக்கவே இல்லை. அவர் செய்தவற்றில் ஒன்று என்னை இன்றும் உறுத்துகிறது. ஃபைல்களை மாற்றி எழுதினார். எங்கே பிறந்தது, யாருக்குப் பிறந்தது என்பதை எல்லாம் பொய்யாக எழுதி வைத்தார். விற்பது ஒரு நாள் குற்றம் என்றால், பொய்யாக எழுதி வைப்பது அந்தக் குழந்தை சாகும்வரை தொடர்கிற குற்றம். மெம்ஃபிஸ் இருக்கும் டென்னசி மாநிலத்தில், பழைய தத்தெடுப்பு ஆவணங்களைத் திறந்துவிடும் சட்டம் 1995-ல்தான் வந்தது. அதற்குள் பல பிள்ளைகள் முதியவர்களாகிவிட்டார்கள், அவர்களைத் தேடிய தாய்மார்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025-ல் வெளியிட்ட முடிவுகளும் இதையே சொல்கின்றன: வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளில், பெற்றோர் இருந்தும் அநாதை என்று எழுதப்பட்டவர்கள் இருந்தார்கள், அடையாளம் மாற்றப்பட்டவர்கள் இருந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு வாழ்க்கையும் உண்டு. நீங்கள் தேடிப் படிக்க வேண்டியது அதைத்தான் என்பேன். ஜீன் பேட்டன், 1908-ல் பிறந்து 2002-ல் மறைந்த அமெரிக்கச் சமூகப் பணியாளர். அவரே தத்தெடுக்கப்பட்டவர். பென்சில்வேனியாவில் சமூகப் பணி படித்துவிட்டுக் குழந்தைகள் நலத் துறையில் வேலை பார்த்தார். தத்தெடுப்பைப் பற்றி அந்தத் துறையில் எல்லோரும் பேசினார்கள், தத்தெடுக்கப்பட்டவர்களை மட்டும் யாரும் கேட்கவில்லை என்பது அவருக்குப் பட்டது. 1953-ல் ஒரு இதழில் விளம்பரம் கொடுத்து, தத்தெடுக்கப்பட்டு வளர்ந்த பெரியவர்களைத் தனக்கு எழுதச் சொன்னார். நாற்பது பேரின் அனுபவங்களைத் திரட்டி அடுத்த வருடமே நூலாகக் கொண்டு வந்தார். அவர்கள் எல்லோரும் துன்பப்பட்டவர்கள் என்று அவர் சொல்லவில்லை. பலர் வளர்த்தவர்களை மனதார நேசித்தார்கள், ஆனாலும் தங்கள் தொடக்கம் எது என்று தெரிந்துகொள்ள விரும்பினார்கள். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதைத் துறைக்குள் இருந்தே ஒருவர் அன்று சொன்னது பெரிய விஷயம். அவர் தன்னைப் பெற்ற தாயைக் கண்டுபிடித்துச் சந்தித்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். அதன் பிறகும் சாகும்வரை, மூடிய ஆவணங்களைத் திறக்கச் சொல்லி எழுதிக்கொண்டே இருந்தார்.

அனெட் பாரன் என்று இன்னொருவர், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வேலை பார்த்தவர். வருடக்கணக்கில் அவரே மூடிய முறையில் குழந்தைகளைத் தத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அதாவது, பெற்றவர் யாரென்று வளர்ப்பவருக்குத் தெரியாது, வளர்ப்பவர் யாரென்று பெற்றவருக்குத் தெரியாது. 1970-களில் சக பணியாளர் ரூபன் பேனர், மனநல மருத்துவர் ஆர்தர் சோரோஸ்கி இருவரோடு சேர்ந்து, பெற்றவர், வளர்த்தவர், தத்துப் போனவர் என்று தத்தெடுப்பில் சம்பந்தப்பட்ட மூன்று தரப்பையும் கேட்கத் தொடங்கினார். தாங்கள் நல்லது என்று நம்பிச் செய்த ரகசியம்தான் பலரை அரித்திருக்கிறது என்பது தெரிந்ததும் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மீதி வாழ்நாளை அந்த ரகசியத்துக்கு எதிராகச் செலவிட்டார். தான் செய்த வேலையே தவறிப்போயிருக்கிறது என்று பாதி வாழ்க்கை கடந்தபின் ஒப்புக்கொள்ளும் துணிச்சலை நான் வேறு எந்தத் திறமையையும்விட மதிக்கிறேன். சட்டங்களும் மெல்ல மெல்ல மாறின. ஸ்காட்லாந்தில் வயது வந்தவர்கள் தங்கள் பிறப்புப் பதிவைப் பார்க்கும் உரிமை 1930-லிருந்தே இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. நியூசிலாந்தில் 1985. திருமணமாகாத தாய்மார்களிடமிருந்து குழந்தைகளைக் கட்டாயப்படுத்தி வாங்கித் தத்துக் கொடுத்ததற்காக ஆஸ்திரேலிய அரசு 2013-ல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. அந்தக் குழந்தைகளை வாங்கிய கைகளில் எங்கள் துறைக்காரர்களின் கைகளும் உண்டு. இந்த வேலைக்கு வருகிறவர் இதைத் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும்.

சரி, ஃபைலுக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் இருக்கும். இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் தன் ஃபைலைப் பார்க்க வந்தார். சட்டப்படி எல்லாம் முடிந்து, அன்று அவருக்கு எதைக் காட்டலாமோ அதைக் காட்டினோம். பெரும்பாலும் முத்திரையும் கையெழுத்தும் எடைக் குறிப்பும்தான். கடைசிப் பக்கத்தில் இரவுப் பணியில் இருந்த ஓர் ஆயா தன் கையெழுத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார். “அம்மா மூணு தரம் வந்து பார்த்துட்டுப் போச்சு. கடைசித் தரம் பச்சைத் துண்டைப் பிள்ளை மேல போர்த்திட்டுப் போச்சு.” அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, “மூன்று தடவையா, மேடம்?” என்று கேட்டார். நான் தலையசைத்தேன். அவர் விரலை வைத்து அந்த வரியைத் திரும்பத் திரும்பத் தடவினார். படித்த சமூகப் பணியாளர்கள் எழுதிய அத்தனை பக்கங்களும் அவருக்குக் கொடுக்காததை, அதிகம் படிக்காத ஓர் அம்மாள் இரண்டு வரியில் கொடுத்திருந்தார். அந்த ஆயாவுக்கு அப்படி எழுத யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார், அவ்வளவுதான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நான் எழுதியவை நினைவுக்கு வந்தன. ஆரம்ப வருடங்களில் ஒரு தாயைப் பற்றி, “உணர்ச்சி எதையும் வெளிப்படுத்தவில்லை. விரைவில் கிளம்பிவிட்டார்” என்று எழுதியிருந்தேன். பார்த்ததைத்தான் எழுதினேன் என்று அப்போது நினைத்தேன். பல வருடம் கழித்து அவருடைய மகன் வந்து அதைப் படித்தார். “அவங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?” என்று கேட்டார். அந்தப் பெண் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று பதறியதும், வீட்டில் யாருக்கும் தெரியாமல் வந்திருந்ததும், கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு முறை கீழே விழுந்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. எதையும் நான் எழுதவில்லை. என் நினைவிலிருந்து அவருக்குச் சொன்னேன். ஆனால் தாளில் இருந்த வரியைத் தாண்டி வாயால் சொன்னதை அவர் எவ்வளவு நம்பினார் என்று எனக்குத் தெரியாது. நான் அன்று ஊரில் இல்லாமல் இருந்திருந்தால், வேலையை விட்டுப் போயிருந்தால், அவருக்கு அந்த ஒரு வரிதான் மிஞ்சியிருக்கும்.

அதற்கப்புறம் ரிப்போர்ட்டை மேலதிகாரிக்காகவோ நீதிமன்றத்துக்காகவோ மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவர்களும் படிப்பார்கள், அவர்களுக்கு வேண்டியதும் இருக்கும். ஆனால் அதன் உண்மையான வாசகர் அன்று தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கு எழுத்துத் தெரிய ஐந்தாறு வருடம் ஆகும், படிக்க இருபது வருடம் ஆகலாம். அவர் என்ன கேட்பார்? என்னைப் பெற்றவர் பார்க்க எப்படி இருந்தார், இடது கைக்காரரா, பேசும்போது தலையைச் சாய்ப்பாரா, எனக்கு ஏதாவது பெயர் வைத்தாரா, நான் எந்த நேரத்தில் பிறந்தேன், அன்று மழை பெய்ததா, முதல் வாரத்தில் என்னைத் தூக்கி வைத்திருந்தது யார். இவற்றைக் கேட்டு எழுத அரை மணி நேரம் போதும். பிறகு எழுத முடியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுத வேண்டும், ஊகத்தை ஊகம் என்று எழுத வேண்டும். அழகுபடுத்தவும் கூடாது. “உன்னை மிகவும் நேசித்ததால்தான் கொடுத்தார்” என்று எழுதிவைக்கிற வழக்கம் உண்டு. நேசிப்பவர்கள் நம்மைக் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது என்று ஆறு வயதுக் குழந்தை அதிலிருந்து புரிந்துகொள்ளும். வளர்ப்பவர்களும் நேசிக்கத்தானே செய்கிறார்கள்?

தத்தெடுத்ததைக் குழந்தையிடம் எப்போது சொல்வது என்று பெற்றோர் எல்லோரும் கேட்பார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: சொல் புரியாத வயதிலிருந்தே. “நீ எங்கள் வீட்டுக்கு வந்த நாள்” என்று குளிப்பாட்டும்போதும் தூங்க வைக்கும்போதும் பேசிப் பேசி, தனக்கு இது எப்போது தெரிய வந்தது என்று நினைவில்லாத மாதிரி குழந்தை வளர வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் சொல்லலாம், படிப்பு முடியட்டும் என்று தள்ளிப் போட்ட வீடுகளில் பிள்ளைக்கு வெளியாள் வழியாகத்தான் தெரிய வந்தது, நான் பார்த்தவரை. தத்தெடுக்கப்பட்டதைவிட இத்தனை வருடம் மறைத்ததுதான் அவர்களை உடைத்தது. அப்புறம், ஒருமுறை சொன்னால் முடிந்துவிடாது. நான்கு வயதில் கதை மாதிரி சந்தோஷமாகக் கேட்ட குழந்தை, ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் திடீரென்று சுணங்கிப் போகும். எனக்கு ஒரு குடும்பம் கிடைத்தது என்றால் அதற்கு முன்னால் ஒரு குடும்பத்தை இழந்திருக்கிறேன் என்று புரிகிற வயது அது. வளர்ச்சி உளவியல் ஆய்வுகளும் இதைச் சொல்கின்றன. பெற்றோர் பயந்துபோய்த் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். “நன்றாகத்தானே இருந்தாள், நாங்கள் எங்கே தப்பு செய்தோம்?” என்பார்கள். தப்பு ஒன்றும் இல்லை, குழந்தைக்கு அறிவு வளர்ந்திருக்கிறது, கூட உட்கார்ந்து கேளுங்கள் என்று சொல்வேன்.

அறுதியிட்டுச் சொல்ல முடியாதவையும் நிறைய இருக்கின்றன. பராமரிப்பில்லாத நிறுவனங்களில் இருந்த குழந்தைகள் தேறுவார்களா என்று கேட்பார்கள். 1989-க்குப் பிறகு ருமேனியாவின் அநாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப் போன குழந்தைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஆறு மாதத்துக்குள் அங்கிருந்து வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே தேறிவிட்டார்கள். அதற்கு மேல் அங்கே இருந்தவர்களில் பலருக்குச் சிரமங்கள் நீடித்தன. ஆனால் அவர்களிலும் ஒரு பகுதியினர் பெரிய பிரச்சினை எதுவும் இல்லாமல் வளர்ந்தார்கள். ஆகவே ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்ல முடிந்ததை, உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்ல முடியாது. “இவன் சரியாகிவிடுவானா?” என்ற கேள்விக்கு நான் எந்தப் பெற்றோருக்கும் ஆம் என்று சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. பெற்ற குடும்பத்தோடு எவ்வளவு தொடர்பு நல்லது என்பதும் அப்படித்தான். தொடர்பு இருந்தால் யார் தன் பெற்றோர் என்று குழந்தை குழம்பிவிடும் என்ற பயம் ஆதாரமற்றது. அமெரிக்காவில் ஹரால்ட் குரோட்டவாண்டும் ரூத் மெக்ராயும் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களில் நீண்ட காலம் நடத்திய ஆய்வு அதைக் காட்டிவிட்டது. ஆனால் வன்முறை நடந்த வீடு என்றால், போதைப் பழக்கம் தீராத வீடு என்றால், எவ்வளவு, எப்போது, எப்படி என்பதற்குப் பொது விதி கிடையாது. அங்கே குழந்தையைப் பார்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், முடிவு தப்பாகவும் போகும்.

தப்பாகப் போன ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஒரு வீட்டுக்குப் போய் ஏழு மாதத்தில் திரும்பி வந்தான். வீட்டார் கெட்டவர்கள் இல்லை. அவனும் கெட்டவன் இல்லை. அவன் சாப்பாட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பான், ஏன் என்று கேட்டால் பாத்திரத்தை விட்டெறிவான். பட்டினி கிடந்த குழந்தைகள் இப்படிச் செய்வார்கள், திட்டாமல் படுக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் தின்பதற்கு ஏதாவது வைத்துவிடுங்கள் என்று முதல் வாரத்திலேயே நான் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வாரம் ஒரு முறை போயிருக்க வேண்டும். எனக்கு வேறு முப்பது ஃபைல்கள் இருந்தன, மாதம் ஒரு முறைதான் போனேன். திரும்பி வந்த அன்று அவன் தன் பையைத் தானே பிரித்துத் துணிகளை அடுக்கினான், யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. பழகியவன் மாதிரி அடுக்கினான். குழந்தை வீட்டுக்குப் போனதும் எங்கள் வேலை முடிகிறது என்று நினைக்கும் நிறுவனங்கள் எங்கும் உண்டு. போன அன்றுதான் அது தொடங்குகிறது என்று நினைக்கும் இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தாங்க முடியுமா? தனியாகத் தாங்க முடியாது. இதில் எனக்கு உறுதி உண்டு. அனுபவமுள்ள ஒருவரிடம் வாரந்தோறும் உட்கார்ந்து, என்ன செய்தேன், எங்கே தடுமாறினேன், யாரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது என்று பேசுகிற ஏற்பாட்டைச் சூப்பர்விஷன் என்போம். அது இல்லாத இடத்தில் நல்ல மனிதர்கள்கூட இரண்டு மூன்று வருடத்தில் கல்லாகிவிடுகிறார்கள், இல்லையென்றால் ஓடிவிடுகிறார்கள். இரக்கம் அதிகமாக இருப்பதும் இங்கே ஆபத்துதான். எல்லாக் குழந்தையையும் நானே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாமா என்று தோன்றும் நாட்கள் வரும். அந்தக் குழந்தைக்கு உங்களிடமிருந்து வேண்டியது அது இல்லை. நிதானமான ஒரு ஆள், சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற ஒரு ஆள்தான் வேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன பெரியவர்களை அது ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டது. உங்கள் குடும்பத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. என் பிள்ளைகளின் பிறந்தநாள்களில் பாதியில் எழுந்து போயிருக்கிறேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இன்று தொடங்கினால், இரவு எத்தனை மணிக்கு மேல் தொலைபேசி வேறொருவருக்குப் போக வேண்டும் என்பதைச் சேரும்போதே பேசி முடிவு செய்திருப்பேன்.

சந்தோஷமான வேலையா? சந்தோஷம் உண்டு, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இருக்காது. தத்தெடுப்பு நடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குடும்பம் சேர்கிறது, ஒரு குடும்பம் பிரிகிறது. அந்த இரண்டாவதை மறந்துவிட்டுச் சந்தோஷப்பட உங்களால் முடிந்தால், தயவுசெய்து இந்த வேலைக்கு வராதீர்கள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு மறுநாள் காலை வேலைக்குக் கிளம்ப முடியும் என்று தோன்றினால் வாருங்கள், உங்களைப் போன்றவர்கள் தேவை.

வந்தால் ஒன்று செய்யுங்கள். சேர்ந்த முதல் வாரத்தில், அனுமதி வாங்கிக்கொண்டு, இருபது வருடம் பழைய ஃபைல் ஒன்றை எடுத்து உட்காருங்கள். பணியாளராகப் படிக்காதீர்கள். அதில் பெயர் எழுதியிருக்கும் குழந்தையாக உங்களை நினைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். என்னவெல்லாம் தேடினீர்கள், எது கிடைக்கவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டு உங்கள் முதல் ரிப்போர்ட்டை எழுதத் தொடங்குங்கள்.